வெள்ளிக்கிழமை சாத்திய கதவு

மஸ்கெலியா
18.10.2024

நாகலெட்சுமிக்கு,

சுபைதா எழுதுகிறேன். உனக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் உன் மருமகள் சுலக்ஷனா, "மலையில சிக்னல் இல்ல பெரியம்மா, ஒன்னும் கேக்கல" என்று வைத்துவிட்டாள். மூன்றாம் தரம் அவளுக்குப் பின்னால் நீ இருமியது எனக்கு நன்றாகக் கேட்டது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் மகன் ரிஸ்கான் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருக்கிறான். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் மகன் விஜிதரன் உனக்கு எவ்வளவு சொன்னான் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை, பதினோராம் தேதி, பகல் பன்னிரண்டரைக்குக் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற சின்ன பிளேன். பன்னிரண்டு பேர் ஏறுவது. மேலே எழும்பி ஐந்து நிமிசத்தில் பின்பக்கத்துச் சாமான் கதவு திறந்துகொண்டது. ஏழு பெட்டி வயலில் விழுந்தன. எட்டாவது ஒரு வீட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்ததாம். அந்த வீட்டுப் பெண் அப்போது கிணற்றடியில் நின்றிருக்கிறாள். கடைசி சீட்டில் இருந்த ஒரு டீச்சருக்கு மயக்கம். பைலட் பிளேனைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கதவைச் சாத்திப் பார்த்தேன் என்று தாளில் இருப்பது ரிஸ்கானுடைய கையெழுத்து. ஆனால் சாத்தியது அவன் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவன் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்கு ஓடுவான். உன் மகன் பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்துவான். உன் மகனுக்குக் கோயில் திருவிழா என்றால் ரிஸ்கான் அவன் வேலையையும் சேர்த்துப் பார்ப்பான். இரண்டு வருசமாக இப்படித்தான். இது பிழை என்று எனக்கும் தெரியும். அந்தப் பிழை இரண்டு பேருடையது. தண்டனை ஒருவனுக்கு மட்டும் ஏன்?

அடுத்த மாதம் பதினோராம் தேதி விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். பிளேன் கிட்டப் போகிற பாஸையும் பறித்துவிடுவார்கள். பிறகு அந்தத் தொழிலே இல்லை. விஜிதரன் போய், "அன்னைக்குச் சாத்தினது நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். நான் உனக்கு எழுதுவது ரிஸ்கானுக்குத் தெரியாது. "ஒண்டும் செல்லாதீங்க உம்மா" என்று, யாரிடமும் வாய் திறக்கக்கூடாதென்று ஒரே பிடியாக நிற்கிறான்.

உன் மகனை அங்கே சேர்த்துவிட்டதே அவன்தான். இதைச் சொல்லிக்காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் எழுதிவிட்டேன்.

சுபைதா

*

அக்கரப்பத்தனை
22.10.2024

சுபைதா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அதைப் பீலிக்கரையில் எல்லோருக்கும் முன்னால் என் கையில் கொடுத்தார். தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேரும், "யாருகிட்ட இருந்துக்கா? பிளேன் ஆபீஸ்ல இருந்தா?" என்று கேட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் என் மகன் வேலை செய்கிறான் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்ததுதான். உங்கள் கடிதம் என்று சொல்லாமல் மடித்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு இருமியது நான்தான். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உங்கள் குரலில் கோபம் இருந்ததால் பேசப் பயமாக இருந்தது.

விஜியிடம் போனில் கேட்டேன். "தாள்ல யாரு கையெழுத்து இருக்கோ அவங்கதாம்மா பொறுப்பு, இதுல நீங்க தலையிடாதீங்க" என்றான். அவன் சொல்வதும் சட்டம்தானே அக்கா. பார்க்காத கதவுக்கு ரிஸ்கான் தம்பி ஏன் கையெழுத்துப் போட்டது? என் மகன் போடச் சொன்னானா?

உங்களுக்குக் கடை இருக்கிறது. ரிஸ்கானுக்கு வேலை போனால் அண்ணன் அம்ஜத் பக்கத்தில் உட்கார்ந்து துணி வெட்டலாம். என் மகனுக்கு வேலை போனால் அவனுக்கு என்ன இருக்கிறது? அவன் அப்பா முப்பது வருசம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினோடு நின்று காது மந்தமாகிப் போய்ச் சேர்ந்தார். நான் இருபத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தேன். விடிந்தும் விடியாமல் பெரட்டுக்களத்தில் போய் நின்று, பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. அந்தப் பெரட்டுக்கு அவன் போகக்கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், பிளேன் என்று சொல்கிறாள். அதை நான் எப்படிப் பிடுங்குவது?

அந்த டீச்சருக்கு இப்போது பரவாயில்லையா? கதவு எதனால் திறந்தது என்று ஏதாவது கண்டுபிடித்தார்களா? அதில் ஏதாவது கிடந்ததா? தெரிந்தால் எழுதுங்கள்.

நாகலெட்சுமி

*

மஸ்கெலியா
26.10.2024

திருமதி நாகலெட்சுமி அவர்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. துணி வெட்டலாம் என்று வழி சொன்னதற்கு மிகவும் நன்றி.

அவன் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்கள் சாரம் வாங்கிவிட்டு, "தம்பி, பார்சல நல்லாக் கட்டுங்க, நடுவழியில தொறந்துக்கிரும்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். பெரிய கடை வீரய்யா முதலாளிகூட, "என்னப்பா, மேல இருந்து மழை வரும், பெட்டியெல்லாம் வருதே" என்றார். அம்ஜத் முதல் நாள் சண்டைக்குப் போனான். இப்போது அவனும் சிரித்துவிடுகிறான். ரிஸ்கான், தான் கட்டிய பார்சலைத் தானே அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு. நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

கதவில் என்ன கிடந்தது என்று கேட்டீர்கள். நீங்கள் அதைக் கேட்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கதவின் கொக்கி விழுகிற குழிக்குள் மஞ்சள் கயிறு ஒரு துண்டு, நுனியில் மஞ்சள் கிழங்கு, நசுங்கிப்போய் இருந்ததாம். கைப்பிடி மட்டமாகப் படுத்திருக்கிறது, பார்த்தால் பூட்டியது போலத்தான் தெரியும், ஆனால் கொக்கி பாதிதான் விழுந்திருக்கிறது. விசாரிக்கிறவர்கள் அந்தக் கயிற்றை ஒரு பைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். யார் கட்டியது என்று ரிஸ்கானிடம் கேட்டிருக்கிறார்கள். "தெரியாது சேர்" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்ன நாள் என்று எனக்கும் தெரியும். இருபது வருசம் அக்கரப்பத்தனையில் உங்கள் லயத்து வீடுகளுக்கு எதிரில்தான் கடை வைத்திருந்தோம். சரஸ்வதி பூசைக்கு எங்கள் கடைத் தராசுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனது நீங்கள்தான்.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு கேள்விதான். வேறு எதையும் எழுத வேண்டாம்.

சுபைதா

*

அக்கரப்பத்தனை
2.11.2024

சுபைதா அக்காவுக்கு,

தெரியும்.

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் அதைச் சாமி மாடத்துக்குள் வைத்திருந்தேன். இருபத்தைந்து வருசத்தில் முதல் தடவையாக என்னை நீங்கள், உங்கள் என்று எழுதியிருந்தீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தீபாவளிக்கு விஜி வந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தவனிடம் நேராகவே கேட்டேன்.

"அந்தக் கயிறு நான் அனுப்புனதுதானே?"

அவன் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுலக்ஷனா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"சொல்லுடா."

"நீங்கதானேம்மா சொன்னீங்க, கையில புடிக்கிற சாமானத்துல கட்டுன்னு. நான் வேற என்னத்தப் புடிக்கிறேன்? அந்தக் கைப்பிடியத்தான் ஒரு நாளைக்கு இருவது வாட்டி புடிக்கிறேன்."

அக்கா, உண்மை இதுதான். ஒன்பதாம் தேதி நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை செய்து, மஞ்சள் கயிறும் சந்தனமும் ஒரு பொட்டலமாக, கொழும்புக்குப் போன அழகுமுத்து கையில் கொடுத்து அனுப்பினேன். மறக்காமல் கட்டு என்று போனிலும் சொன்னேன். இங்கே கவ்வாத்துக் கத்தியில் இருந்து ரோலர் மெஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் கட்டுவோம். அவன் அப்பா முப்பது வருசம் கட்டினார், ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. ரோலர் மெஷின் வானத்தில் போவதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் பிளேன் போய் வந்த பிறகு பத்து மணிபோல் கைப்பிடிக்குப் பொட்டு வைத்துக் கயிறு கட்டியிருக்கிறான். மத்தியானம் பெட்டிகளை ஏற்றிவிட்டு அவசரத்தில் சாத்தியிருக்கிறான். கயிற்றின் வால் தொங்கியதைக் கவனிக்கவில்லை. கைப்பிடி மட்டமாகப் படுத்துவிட்டது, அதனால் பூட்டிவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமாம்மா? தோட்டத்துப் பயலுக்கு மெஷின் எது, சாமி எதுன்னு தெரியாதும்பாங்க. எனக்கப்புறம் நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தன உள்ள எடுக்க மாட்டாங்க."

எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, பக்கத்தில் உட்காரவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. ரிஸ்கான் கிட்டப் பேசினாயா என்று கேட்டேன். போன் எடுத்தால் அவன் வேறு கதை பேசுகிறானாம். மழையைப் பற்றி, இவன் மகளைப் பற்றி. அதைச் சொல்லும்போதுதான் விஜி அழுதான். நேற்றுப் பஸ் ஏறிப் போய்விட்டான். விசாரணையில் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவன் சொல்லாவிட்டால் என்ன. இந்தக் கடிதத்தின் பின்னால் தனித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். கயிறு நான் அனுப்பியது, கட்டியதும் கதவைச் சாத்தியதும் என் மகன் விஜிதரன், ரிஸ்கான் அந்த நேரம் அங்கே இல்லை என்று எழுதி, என் பேர், அடையாள அட்டை நம்பர், லய நம்பர் எல்லாம் போட்டிருக்கிறேன். ரிஸ்கான் தம்பி அதைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொடுக்க வேண்டாம் என்று நான் கேட்க மாட்டேன். கொடுங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. தாளை மட்டும் அனுப்புகிறேன்.

நாகலெட்சுமி

*

மஸ்கெலியா
13.11.2024

நாகலெட்சுமி,

விசாரணை முடிந்துவிட்டது. ரிஸ்கானுக்கு வேலை இல்லை. பாஸும் இல்லை.

நீ அனுப்பிய தாள் ஆறாம் தேதியே என் கைக்கு வந்தது. அன்று அஸர் தொழுதுவிட்டு நான் முதலில் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன், பிறகு உனக்கு. ஒரு தாய் இதை எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. ரிஸ்கான் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தான். மடித்தான். என்னிடமே திருப்பித் தந்தான்.

"இதக் கொண்டுபோக மாட்டேன் உம்மா."

"ஏன், உனக்குப் பைத்தியமா?"

"கயிறு எனக்குத் தெரியும். காலையில பத்தேகாலுக்கே கண்டேன்."

நாகு, அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் கட்டிட்டு ஒரு சந்தோசத்தோட நிண்டான். இன்னைக்கு ஒரு நாள்தானே, பின்னேரம் கழட்டச் செல்லுவோம்னு விட்டுட்டேன். அவங்கட பெருநாளு. நோன்பு காலத்துல ஒரு மாசம் என்ட பாரத்தையும் சேத்து அவன்தான் தூக்குறான். அந்த நேரம் போய் இதக் கழட்டுடான்னு எப்படிச் செல்லுற? செல்லியிருக்கணும். கதவுல ஒண்டும் தொங்கக்கூடாதுன்னு எனக்குத்தான் படிச்சுக் குடுத்தாங்க, அவனுக்கு இல்ல."

அப்படியானால் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன் என்றாவது சொல் என்று கெஞ்சினேன். அதற்கும் மாட்டானாம். வெள்ளிக்கிழமை போய்வர அங்கே இருக்கிற மேலாள் சும்மா கண்டுகொள்ளாமல் விடுகிறாராம், எழுத்தில் அனுமதி இல்லை. இதைச் சொன்னால் ஜும்ஆவுக்குப் போகிற மற்ற நாலு பேருக்கும் அது நின்றுவிடும். கையெழுத்து என்னுடையது, கயிறு இருந்ததைக் கண்டேன், எடுக்கவில்லை என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறான். யார் கட்டியது என்று கேட்டதற்கு, பூசை நாள் சேர், அங்கே எல்லாவற்றிலும் ஏதாவது கட்டியிருந்தது என்றானாம்.

உன் மகன் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தானாம். அவனை உள்ளே கூப்பிடவே இல்லை. இவன் வெளியே வந்ததும் எழும்பி நின்றானாம். இரண்டு பேரும் வெளியில் போய் டீ குடித்தார்களாம். டீயாம், நாகு.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உன்மேல் படப் பார்த்தேன், நீ தாளை அனுப்பிவிட்டாய். உன் மகன்மேல் படப் பார்த்தேன், என் மகன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறான். என் மகன்மேல் படலாம். அவன் இன்றைக்கும் கடையில் பார்சல் கட்டிக்கொண்டு இருக்கிறான், முகத்தைப் பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது.

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் நான் ஒரு நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

சுபைதா

*

அக்கரப்பத்தனை
24.11.2024

சுபைதா அக்காவுக்கு,

நீங்கள் திருப்பி அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு நானே கொழும்புக்குப் போனேன். தலவாக்கலையில் ரயில் ஏறி, அழகுமுத்து துணைக்கு வந்தான். விஜி தங்கியிருக்கிற அறைக்குப் போனதும் உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். பத்தேகாலுக்கே கண்டேன் என்ற இடத்துக்கு வந்ததும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

"அவன் பார்த்தது எனக்குத் தெரியாதும்மா" என்றான். பிறகு, "தெரியும்" என்றான். "பார்த்துட்டுச் சிரிச்சுட்டுப் போனான்."

மறுநாள் காலையில் அவனே சட்டை போட்டுக்கொண்டு என் தாளையும் வாங்கிக்கொண்டு மேலாளிடம் போனான். நான் வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது ஒரு பிளேன் என் தலைக்கு மேல் ஏறிப் போனது. இத்தனை வருசம் பெருமை பேசினேனே தவிர இவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததில்லை. அதன் வயிற்றுப் பக்கத்தில் அந்தக் கதவைத்தான் தேடினேன். சின்னக் கதவுதான் அக்கா. எங்கள் லயத்துக் கோழிக்கூட்டுக் கதவு மாதிரி இருந்தது.

அவன் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், கயிறு, கதவு, கையெழுத்து எல்லாம். பள்ளிவாசலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லையாம். என் தாளில் ரிஸ்கான் அங்கே இல்லை என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறான். மேலாள் கேட்டுவிட்டுச் சிங்களத்தில், "பைல் எக்க வஹலா இவரய்" என்றாராம். பைலை மூடியாகிவிட்டது என்று. "ஒரு ஆள் போனது போதும். நான் இதைக் கேட்கவில்லை, நீ சொல்லவும் இல்லை. போய் வேலையைப் பார்" என்றாராம். அதோடு, ரிஸ்கான் இல்லாததால் இனிமேல் கதவுக்குக் கையெழுத்துப் போடுவது நீதான் என்றும் சொல்லிவிட்டாராம்.

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உத்தியோகம் உயர்ந்திருக்கிறது, அக்கா. போன வருசமாக இருந்தால் நான் பீலிக்கரையில் நின்று ஒரு வாரம் இதையே பேசியிருப்பேன்.

"போடுவியா?" என்று கேட்டேன்.

"போடலன்னா என்னையும் அனுப்பிருவாங்க. போட்டா ஒவ்வொரு நாளும் அவன் பேருக்குக் கீழதான் போடணும். அந்தப் புத்தகத்துல முன் பக்கமெல்லாம் அவன் கையெழுத்துத்தான்."

இந்தத் தடவை நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சொல்லி அவன் செய்தது போதும். அன்று சாயந்தரம் அவனே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி, மேலாளுக்கும் மேலே இருக்கிற ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் போட்டான். பைலைத் திறப்பார்களா என்று தெரியாது. திறந்தால் இவனுக்கு வேலை போகும், அதனால் ரிஸ்கானுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நிச்சயமும் இல்லை. இரண்டு பேரும் இல்லாமல் போகலாம். தெரிந்துதான் போட்டான். ஒரு வாரம் ஆகப்போகிறது, பதில் இல்லை. தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறான்.

ஊருக்கு வந்ததும் தண்ணீருக்குப் போனேன். "மகன் எப்படிக்கா இருக்கான்? பெரிய ஆளாகிட்டானா?" என்று சண்முகவடிவு கேட்டாள். சொல்லிவிட்டேன். எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். என் மகன் இப்போது இருப்பது சுபைதா அக்கா மகனுடைய வேலை, நாங்கள் செய்த பிழைக்கு அந்தப் பிள்ளை போனது என்றேன். ஒருத்தி குடத்தை வைத்தபடி அப்படியே நின்றாள், தண்ணீர் வழிந்து ஓடியது. சுலக்ஷனா வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் ஆகிறது.

வருகிற ஏழாம் தேதி சனிக்கிழமை ஹட்டனில் பஸ் மாறி மஸ்கெலியாவுக்கு வரலாம் என்று இருக்கிறேன். ரிஸ்கான் தம்பியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வரலாமா, கூடாதா என்று இரண்டு வரி போடுங்கள். கூடாது என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நாகலெட்சுமி

*

மஸ்கெலியா
29.11.2024

நாகு,

வா.

ரிஸ்கானிடம் மன்னிப்புக் கேட்காதே. ஊரில் ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அவன் அலுத்துப் போயிருக்கிறான், நீ கேட்டால் அவன்தான் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். அதற்கு அவனிடம் தெம்பு மிச்சமில்லை. கேட்க வேண்டுமானால் என்னிடம் கேள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் இருப்பேன், அதையும் தாங்கிக்கொள்.

வழியில் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்காதே.

சுபைதா